உயரமான பழைய கவுன்சில் கட்டடங்கள்: இடிக்கலாமா, இருக்கட்டுமா? உங்கள் அனுபவம்

பதினாறாம் மாடி:
கிழக்கு லண்டனில், கவுன்சில் (உள்ளூராட்சி) வாடகைக்கு விடும் ஒரு உயரமான கட்டடத்தில் பிள்ளைகளை வளர்த்தவன் நான். பெயர் வேண்டாம், தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது எங்கள் தளத்தில் நான்கு கதவு, நான்கு கருத்து.

எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி 1970களில், கட்டடம் புதிதாக இருந்தபோதே குடிவந்தவர். அதற்கு முன் இருந்த வீட்டில் கழிப்பறை கொல்லைப்புறத்தில். இங்கே உள்ளேயே குளியலறை, குழாயில் சுடுதண்ணீர், வெளிச்சமான சமையலறை. அரண்மனைக்கு வந்தது போல இருந்தது என்பார். மிகையாகச் சொல்லவில்லை. பார்க்கர் மோரிஸ் என்ற அரசுக் குழு 1961இல் பரிந்துரைத்த குறைந்தபட்ச வீட்டு இட அளவுகள் 1969 முதல் 1980 வரை கவுன்சில் வீடுகளுக்குக் கட்டாயமாக இருந்தன. பக்கத்தில் இப்போது எழும்பும் கண்ணாடிக் கோபுரங்களில் துணி உலர்த்தும் கொடி வைக்கவே இடம் தேட வேண்டும்.

அடுத்த வீட்டு சோமாலியப் பெண்ணுக்கு அந்த அரண்மனை பிடிக்காது. படுக்கையறை மூலையெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம், மகனுக்கு ஓயாத மூச்சிழுப்பு. லிஃப்ட் நின்றுபோனால் கைக்குழந்தையோடும் மளிகைப் பையோடும் படியேற வேண்டும். நாளைக்கே இடித்தாலும் சந்தோஷம் என்றார்.

மூன்றாவது வீடு நம்மவர். 1980ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமையில், வாடகைக்கு இருந்த பிளாட்டையே தள்ளுபடி விலையில் நீண்டகாலக் குத்தகையாக (லீஸ்) வாங்கியவர். கூரை, ஜன்னல், லிஃப்ட் எதைப் புதுப்பித்தாலும் அவர் பங்குக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு பில் வரும். பில் வந்த வாரம் "இடிச்சுத் துலைக்கட்டும்" என்பார். இடிக்கும் முன் வீட்டைத் திரும்ப வாங்க கவுன்சில் கொடுக்க நினைக்கிற விலைக்கு அதே வட்டாரத்தில் ஒரு அறை பிளாட் கூட வாங்க முடியாது என்று கணக்குப் பார்த்ததும், எதிர்ப்புக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் கேலி செய்வோம். ஆனால் அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

நாலாவது கதவு என்னுடையது. திரும்பி வர விடுவார்கள் என்று எழுத்தில் தந்தால் இடிக்கட்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன்.

பிளாஸ்டோ அக்கா:
என்னோடு பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்த ஒரு பெண் கானிங் டவுனில் வளர்ந்தவர். ஐந்தாம் மாடிக்கு மேல் யார் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டார். காரணம் அங்கே இருந்த ரோனன் பாயிண்ட் கட்டடம். 1968 மே 16 விடிகாலை, 18ஆம் மாடியில் ஒருவர் தேநீர் போட அடுப்பைப் பற்றவைக்க, கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய 22 மாடிக் கட்டடம் அது. ஒரு பலகை பிடுங்கிக்கொண்டு போனதும் அந்த மூலை முழுக்கக் கீழ்வரை சரிந்துவிட்டது. 4 பேர் இறந்தார்கள். திறந்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது! அடுப்பைப் பற்றவைத்தவர் பிழைத்துக்கொண்டார், அந்த அடுப்பையே புது வீட்டுக்கும் எடுத்துப் போனாராம். பலப்படுத்தித் திரும்ப ஆட்களைக் குடிவைத்து, கடைசியில் 1986இல் கழற்றியபோது பலகை இணைப்புகளில் செய்தித்தாள் திணித்திருந்தது தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய சொந்தத் தங்கை இருப்பதே ஒரு உயரமான கவுன்சில் பிளாட்டில். ஜன்னலைத் திறந்தால் தேம்ஸ் தெரிகிறது, செத்தாலும் இறங்கமாட்டேன் என்பாராம். கிறிஸ்துமஸ் விருந்து எப்போதும் அக்கா வீட்டில்தான்.

தபால் தம்பி:
ஸ்ட்ராட்போர்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள கார்பென்டர்ஸ் எஸ்டேட்டில் தபால் கொடுத்திருக்கிறேன். மூன்று உயரக் கட்டடங்கள், சுற்றிலும் தோட்டத்தோடு சின்ன வீடுகள். 2000களிலேயே ஆட்களை வெளியேற்றத் தொடங்கிவிட்டார்கள். 2012 ஒலிம்பிக்ஸின்போது மைதானம் நன்றாகத் தெரிகிறது என்று அந்த மூன்றில் ஒன்றான லண்ட் பாயிண்டின் மேல்தளங்களுக்கு பிபிசியும் அல் ஜசீராவும் வந்தன. கீழ்த்தளங்களில் மிச்சமிருந்த குடும்பங்கள் அடைத்துக் கிடந்த கதவுகளைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கே பல்கலைக்கழக வளாகம் கட்டும் திட்டம் 2013இல் கைவிடப்பட்டது. 2014இல் இளம் தாய்மார்கள் காலி வீடுகளுக்குள் புகுந்து போராடினார்கள்.

அப்புறம் 2021 டிசம்பரில் வாக்கெடுப்பு, மறுசீரமைப்புக்கு 73 சதவீதம் ஆதரவு. நான் பழகிய ஒரு தாத்தா ஆம் என்று போட்டார். காத்திருந்து களைத்துப் போச்சு தம்பி, எதையாவது செய்யட்டும் என்கிற மாதிரிதான் பேசினார். அவர் மகள் இல்லை என்று போட்டாள். அந்த 73க்குள் எத்தனை பேருக்குத் திட்டம் பிடித்திருந்தது, எத்தனை பேர் அலுத்துப் போனார்கள் என்று எண்ணிச் சொல்ல முடியாது. "மக்களே கேட்டார்கள்" என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

பதினாறாம் மாடி:
தம்பி சொல்வது சரி. 2017இல் கிரென்ஃபெல் டவர் தீப்பிடித்து எரிந்த பிறகு எங்கள் கட்டடத்திலும் நிறையப் பேர் மனம் மாறினார்கள். 24 மாடி, 72 உயிர். பிள்ளைகள் இரவில் தூங்கவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி மட்டும் பிடிவாதமாக வாதாடினார். எரிந்தது 1970களின் கான்கிரீட் இல்லை, 2016இல் புதுப்பிக்கிறோம் என்று வெளிச்சுவரில் பலகை ஒட்டினார்களே, அதுதான் என்றார். பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. ஆனாலும் சோமாலியப் பெண் அடுத்த மாதமே வேறு வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டார்.

புதுக்குடி:
எங்கள் எஸ்டேட்டிலும் வாக்கெடுப்பு வருகிறது. நாங்கள் லீஸ் வாங்கிய ஒருவரிடம் தனியார் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கு ஓட்டு உண்டா அண்ணா?

பதினாறாம் மாடி:
லண்டன் மேயரின் நிதியை வாங்கி, இருக்கும் குறைந்த வாடகைச் சமூக வீடுகளை இடித்து 150 அல்லது அதற்கு மேல் புது வீடு கட்டுவதானால் 2018 முதல் வாக்கெடுப்பு கட்டாயம். வாடகைப் பத்திரத்தில் பெயர் உள்ள கவுன்சில் குடியிருப்பாளருக்கு 16 வயதானால் ஓட்டு உண்டு. லீஸ்காரர் குறைந்தது ஓராண்டாவது அங்கேயே குடியிருக்க வேண்டும். உங்களைப் போலத் தனியார் வாடகையில் இருப்பவர்கள், கவுன்சில் வீடு கேட்டுப் பதிந்தவர்களின் பட்டியலில் குறைந்தது ஓராண்டு இருந்தால் மட்டும் போடலாம். பதிந்திருக்கிறீர்களா?