இடக்கைப் பிள்ளைக்கு ஒரு பேஸ்போல் கையுறை வேண்டும்

வணக்கம் உறவுகளே, கல்லடியிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 14 வயது. அண்ணனோடு மைதானத்துக்குப் போய்ப் பந்து பொறுக்கிக் கொடுத்தவள், இன்று அதே பையன்களின் பேஸ்போல் அணியில் பந்து எறிகிறாள்.

அவள் இடக்கைக்காரி. அப்படியானவர்கள் கையுறையை வலக்கையில்தான் போட வேண்டும். இரவல் வாங்கியதோ இடக்கையில் போடுவது. பந்தைப் பிடித்ததும் கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிவிட்டுத்தான் எறிகிறாள். அதற்குள் எதிரணியில் ஓடுகிறவன், தொட வேண்டிய தளத்தை மிதித்துவிடுகிறான். இழுத்து இழுத்துக் கழற்றியதில் பெருவிரல் நகக்கண் கிழிந்திருக்கிறது. கேட்டால் கையைப் பின்னால் மறைக்கிறாள்.

சொஃப்ட்போலுக்கு மாற்றிவிடுங்கள் என்று உறவினர் சொல்கிறார்கள். அதில் பந்தும் பெரிது, கையைக் கீழிருந்து சுழற்றி எறிய வேண்டும். அது வேறு விளையாட்டு. ஜப்பானில் 2008இல் 16 வயதுப் பெண் எரி யோஷிடாவை ஆண்களின் தொழில்முறை பேஸ்போல் அணியே தெரிவு செய்தது. அவர் படம் மகளின் கொப்பி அட்டையில் ஒட்டியிருக்கிறது.

பாவித்த கையுறை என்றாலும் போதும், விலை தருகிறேன். கனடாவிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ விடுமுறைக்கு வருகிறவர்கள் கொண்டுவர முடியுமா? இன்னொன்று, இரவில் முழங்கை நோகிறது என்கிறாள். அமெரிக்காவின் சிறுவர் பேஸ்போல் அமைப்பான லிட்டில் லீக்கின் விதி இந்த வயதுக்கு ஒரு நாளில் 95 எறிதல்தான் உச்சம் என்கிறது. இங்கே யாரும் எண்ணுவதில்லை. எறியும் முறையைப் பார்த்துத் திருத்தக்கூடிய பயிற்றுநர், பெண்ணாக இருந்தால் மிக நல்லது, யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். வாழைச்சேனையோ கல்முனையோ, நானே அழைத்து வருவேன்.