சென்னைக்கு வடக்கே கரை கடந்தது நெஜமாவே தாழ்வு மண்டலம் தானா?

வேளச்சேரி_மாடிவீடு (17 அக்டோபர் 2024)
செவ்வாக்கிழமை கொட்டின கொட்டுல எங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, காரை மொத நாளே மேம்பாலத்துல கொண்டு போய் விட்டுட்டேன், புதன்கிழமைக்கு ரெட் அலர்ட்ன்னாங்க, அம்மாவ மேல் வீட்டுக்கு மாத்திட்டு ராத்திரி பூரா முழிச்சிருந்தா மழையையே காணோம். இன்னிக்கு விடிகாலைல நாலரை மணி வாக்குல கரைய கடந்துடுச்சுன்னு செய்தி. இது தாழ்வு மண்டலம் ஆச்சா, இல்ல வெறும் தாழ்வுப் பகுதியாவே வந்துச்சா?

கடல்காத்து
ஆச்சு. 14ந் தேதி தாழ்வுப் பகுதி, அப்புறம் தாழ்வு மண்டலம். இந்த பேரெல்லாம் மழைய வச்சு குடுக்கறது இல்லங்க, மையத்த சுத்தி அடிக்கற காத்த வச்சு. 17லேர்ந்து 27 நாட் (காத்து வேகத்த அளக்கறது, ஒரு நாட்ன்னா மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) இருந்தா தாழ்வு மண்டலம், 28லேர்ந்து 33 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 34 தொட்டாதான் புயல், பேரு வைக்கறதும் அப்பதான்.

மேகம்_பாக்கறவன்
திங்கக்கிழமைலேர்ந்து இன்சாட் செயற்கைக்கோள் படத்த விடாம பாத்துட்டு இருந்தேன். மேகம் மையத்து மேல உக்காரவே இல்ல, உசரத்துல அடிக்கற காத்து தள்ளி வடக்கயும் மேக்கயும் ஒதுங்கியே கெடந்துச்சு. மையம் இன்னும் நடுக்கடல்ல இருக்கறப்பவே அந்த மேகம் முன்னால வந்து நம்ம தலைல கொட்டிட்டு அப்படியே ஆந்திரா கரைப் பக்கம் ஏறிடுச்சு. அப்புறம் மையம் வந்தப்ப அதுகிட்ட மழை இல்ல. ரெட் அலர்ட் விட்டது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன், அந்த மழைப் பட்டை கொஞ்சம் தெக்க நின்னிருந்தா இன்னொரு செவ்வாக்கிழமை ஆயிருக்கும்.

காசிமேட்டு_பையன்
எங்க வீட்ல போட் இருக்கு அண்ணா. மழை இல்லன்னதும் எல்லாரும் ஒண்ணுமே இல்லன்னு சொல்றாங்க, கடல்ல அப்படி இல்ல. இந்த வாரம் பூரா அப்பா தொழிலுக்கே போகல. மண்டலம்ன்னா காத்து பலமா இருக்குன்னு அர்த்தம், அதனால எங்களுக்கு அந்த வார்த்தைதான் முக்கியம்.

வேளச்சேரி_மாடிவீடு
ரொம்ப நன்றிங்க, காத்துக்கு ஒரு கணக்கு மழைக்கு ஒரு கணக்குன்னு இப்பதான் புரியுது. காரை எடுத்துட்டு வந்துடலாமா?

மேகம்_பாக்கறவன்
எடுத்துட்டு வாங்க. ஆனா வடகிழக்குப் பருவமழை தொடங்கினதே 15ந் தேதிதான், நவம்பர் டிசம்பர் முழுசா பாக்கி இருக்கு. அம்மா சாமான இப்போதைக்கு மேலயே வச்சிருங்க.