இங்கிலாந்தின் சிற்றூர்களில் குற்றமும் பாதுகாப்பும்: நாங்கள் நேரில் கண்டவை

ஷ்ரோப்ஷயரிலிருந்து, செவிலியர்

அனைவருக்கும் வணக்கம். ஷ்ரோப்ஷயரில், வேல்ஸ் எல்லைக்கு அருகே, ஏறத்தாழ அறுநூறு பேர் வாழும் ஒரு கிராமத்துக்கு நாங்கள் குடிவந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. வீடு பார்க்கத் தொடங்கியபோது என் கணவர் முதலில் செய்தது, காவல்துறையின் குற்ற வரைபடத்தை இணையத்தில் திறந்து இந்த ஊரைத் தேடியதுதான். ஐந்து மாதங்களுக்கு ஒன்றுமே பதிவாகவில்லை. ஆறாவது மாதத்தில் ‘வன்முறை மற்றும் பாலியல் குற்றங்கள்’ என்ற தலைப்பின் கீழ் மூன்று என்று இருந்தது. அந்த மூன்று என்ற எண்ணைக் கேட்ட நாளிலிருந்து திருச்சியில் இருக்கும் என் அம்மாவுக்கு உறக்கமில்லை.

அந்த வரைபடத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை இங்கு வந்த பிறகே கற்றுக்கொண்டேன். அந்த ஒரே தலைப்புக்குள் கொடுங்காயம் விளைவித்த தாக்குதலும் அடங்கும், ஒருவர் மற்றவருக்குத் தொல்லை தரும் செய்திகளை அனுப்பினார் என்ற புகாரும் அடங்கும். வரைபடத்தில் புள்ளி நிற்கும் இடமும் சம்பவம் நடந்த வீடு அன்று. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் காப்பதற்காக, அருகில் முன்பே குறித்துவைத்த ஒரு பொது இடத்துக்கு அது நகர்த்தப்படுகிறது. தெருவுக்குத் தெரு புள்ளிகள் உள்ள நகரத்தில் இதனால் பெரிய வேறுபாடு இல்லை. எங்களைப் போன்ற ஊரிலோ, பல வயல்களுக்கு அப்பால் நடந்ததும் தேவாலயத்து முனையில் நடந்ததுபோலவே தோன்றும்.

இனி என் அனுபவம். நவம்பர் இறுதியில் மாலை நான்கரை மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடுகிறது. எங்கள் ஊரில் தெருவிளக்கும் இல்லை, நடைபாதையும் இல்லை. பேருந்திலிருந்து இறங்கி, இருபுறமும் ஆளுயர வேலிச்செடிகள் நெருங்கிய ஒற்றைச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது, பின்னால் வந்த வண்டி ஒன்று என்னைக் கடந்து போகாமல் என் நடைவேகத்துக்கே தொடர்ந்து வந்தது. வீட்டுச் சாவியை விரல்களுக்கிடையே இறுகப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்கத் துணிவின்றி, பத்து நிமிடங்கள் நடந்தேன். நான் வாசலுக்குள் நுழைந்ததும் வண்டி போய்விட்டது. மறுநாள் கதவைத் தட்டிய முதியவர் ஒருவர், கறுப்பு மேலங்கியில் நடந்த என்னை வேகமாக வரும் கார்கள் இடித்துவிடுமோ என்று அஞ்சித் தம் வண்டியின் விளக்கொளியில் என்னை வீடு சேர்த்ததாகச் சொல்லி, ஒளிரும் மேற்சட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார். அவர் அஞ்சியது நியாயமே. தனி எல்லை எதுவும் குறிக்கப்படாத இத்தகைய கிராமச் சாலைகளில் மணிக்கு அறுபது மைல் வரை ஓட்டச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தப் பத்து நிமிடங்கள் எனக்கு எப்படி இருந்தன என்பதையும் நான் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. ஒரு பெண்ணுக்கு அது எப்படித் தோன்றும் என்று தாம் எண்ணிப் பார்க்கவே இல்லை என்று மன்னிப்புக் கேட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டி வாயிற்கதவருகே முட்டைகளை வைத்து, பக்கத்தில் ஒரு காசுப் பெட்டியையும் வைத்திருப்பார். எடுப்பவர்கள் தாமே காசைப் போட்டுச் செல்வார்கள். சென்ற மாதம் அந்தப் பெட்டியை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நான்கைந்து பவுண்டுக்காகக் காவல்துறையைத் தொல்லைப்படுத்துவதா என்று அவர் புகார் கொடுக்க மறுக்கிறார். கிராமங்களில் நெடுநாள் வாழ்ந்தவர்கள் தாங்கள் கண்டதைச் சொல்லுங்கள். இங்கே எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை?

கிழக்கு இங்கிலாந்திலிருந்து, கிராமக் கடை நடத்துபவர்

தங்கைக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். இலண்டனில் எட்டு வருடங்கள் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்த பிறகு, தபால் கருமபீடத்தோடு கூடிய இந்தக் கிராமக் கடையை வாங்கினேன். பதினொரு வருடங்கள் ஆகிவிட்டன. இலண்டனில் ஒரு மாதத்தில் கண்ட களவுகளை இங்கே ஒரு வருடத்திலும் நான் கண்டதில்லை. ஆனால் இங்கே நடப்பது ஒவ்வொன்றும் எங்களை நேராகத் தொடுகிறது, ஏனென்றால் இங்கே முகம் தெரியாதவர் என்று அநேகமாக ஒருவரும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பெப்ரவரி மாத விடியற்காலை மூன்று மணியளவில், கடைச் சுவரில் பதித்திருந்த பண இயந்திரத்தை, பக்கத்துப் பண்ணையொன்றில் திருடிய பாரந்தூக்கி வண்டியால் இடித்துப் பெயர்த்து எடுத்தார்கள். நாங்கள் மேல்மாடியில் படுத்திருந்தோம். கட்டடம் அதிர்ந்தபோது என் மனைவி பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினா. போர்க்காலத்தில் கற்றுக்கொண்டதை உடம்பு மறக்கவில்லை. 999ஐ அழைத்தோம். பொலிஸ் வந்து சேர நாற்பது நிமிடங்களுக்கு மேல் ஆனது. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரவில் இவ்வளவு பெரிய நிலப்பரப்புக்கு எத்தனை வண்டிகள் இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். கள்வர்களுக்கும் தெரியும் என்பதுதான் பிரச்சினை. விடிந்ததும் ஊர்ச்சனம் தார்ப்பாயும் பலகைகளும் கொண்டு வந்து சுவரை மூடியது. அன்று பின்னேரம் ஓய்வூதியம் எடுக்க வந்தவர்களுக்காகக் கருமபீடத்தைத் திறந்துவிட்டோம்.

இதைவிட என்னை வருத்தியது சின்ன விடயம் ஒன்று. ஊர்ப் பையன் ஒருவன், பதினாறு வயது, கிழமைக்கு ஒருமுறை சக்தி பானங்களும் இனிப்புகளும் எடுத்துக்கொண்டு போவதைக் கமராவில் பார்த்தேன். அவனுடைய அம்மம்மா தினமும் காலையில் பத்திரிகை வாங்க வருபவர். புகார் கொடுத்தால் அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? கொடுக்காவிட்டால் அவன் எங்கே போய் நிற்பான்? இருநூறு பவுண்டுக்குக் குறைந்த கடைக் களவை பொலிஸ் பாராது என்று பலர் சொல்லுவார்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய வழக்குகளைக் கீழ்நீதிமன்றத்தில் சுருக்கமாக விசாரிக்க வழி செய்ததே தவிர, களவைக் களவல்ல என்று ஆக்கவில்லை. நான் ஊருக்குப் பொறுப்பான காவல் துணை அலுவலரிடம் சொன்னேன். அவர் நீதிமன்றத்துக்குப் போகாமல், ‘சமூகத் தீர்வு’ என்ற முறையில், பையனையும் அம்மம்மாவையும் என்னையும் ஒரே மேசையில் இருத்தினார். அவன் மன்னிப்புக் கேட்டு, இரண்டு மாதச் சனிக்கிழமைகளில் பெட்டிகள் அடுக்கிக் கணக்கைத் தீர்த்தான். அம்மம்மா இன்றும் வருகிறார்.

2024 ஓகஸ்ட் மாதத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதற்குப் பின், பொய்ச்செய்தி பரவி, பல நகரங்களில் குடியேறிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் எதிராகக் கலவரம் நடந்த நாட்கள் அவை. எங்கள் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் ஒரு தனிக் கடையில், சுற்றிலும் வயல்வெளி, நாங்கள் ஒரே தமிழ்க் குடும்பம். இரவு வாகனச் சத்தம் கேட்டாலே எழுந்து இருப்போம். அந்தக் கிழமை முழுவதும் நாலைந்து முதியவர்கள் பூட்டும் நேரம்வரை ஏதாவது காரணம் சொல்லிக் கடைக்குள் நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

லிங்கன்ஷயரிலிருந்து, வேளாண் இயந்திரப் பொறியாளர்

வணக்கம். நான் டிராக்டர்களையும் அறுவடை இயந்திரங்களையும் பழுதுபார்ப்பவன். என் வேலை முழுவதும் பண்ணைகளில்தான். கிராமக் குற்றம் என்றதும் வீடு புகும் திருடனை நினைக்கிறோம். இந்தப் பகுதியில் திருட்டு பெரும்பாலும் கொட்டகைக்குத்தான் வருகிறது. டிராக்டரின் கூரையில் உள்ள செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி பல ஆயிரம் பவுண்டு மதிப்புள்ளது, கைப்பையில் அடங்கிவிடும். விதைப்புக்கு முந்தின நாள் அது போனால், புதியது வந்து சேரும்வரை வண்டி நிற்கும், ஆனால் பருவம் நிற்காது. பண்ணைக் காப்பீட்டு நிறுவனமான என்எஃப்யூ மியூச்சுவல் தன் ஆண்டறிக்கையில், கிராமக் குற்றங்களால் பிரிட்டனுக்கு நேர்ந்த இழப்பை 2023ஆம் ஆண்டுக்கு 5 கோடியே 28 லட்சம் பவுண்டு என்றும், 2024ஆம் ஆண்டுக்கு 4 கோடியே 41 லட்சம் பவுண்டு என்றும் மதிப்பிட்டது. குறைந்திருப்பது மகிழ்ச்சிதான். பண்ணைகளில் ஓட்டும் ‘குவாட் பைக்’ என்ற நான்கு சக்கர மோட்டார் சைக்கிள்களைத் திருடுவதைக் கடினமாக்க 2023இல் தனிச்சட்டமே வந்தது.

ஆனால் என்னை நேரில் நடுங்க வைத்தது திருட்டு அன்று, முயல் வேட்டை. அறுவடை முடிந்து, வெட்டவெளியாய்க் கிடக்கும் எங்கள் சமவெளி வயல்களில் காட்டுமுயல்கள் கண்ணுக்குத் தெரியும் காலத்தில், எண் பலகையில் சேறு பூசிய வண்டிகளில் ஆட்கள் ஒல்லியான வேட்டை நாய்களோடு வருவார்கள். எந்த நாய் முயலை மடக்கும் என்பதன்மேல் பெரும் பந்தயம் கட்டுகிறார்கள். இதை 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் தடை செய்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் சிறைத் தண்டனைக்கும் வழி செய்தது. லிங்கன்ஷயர் காவல்துறை ‘ஆபரேஷன் கலிலியோ’ என்ற பெயரில் தனி நடவடிக்கையே நடத்துகிறது. ஓர் அக்டோபர் காலையில், முளைவிட்ட கோதுமையை உழக்கிக்கொண்டு மூன்று வண்டிகள் போவதைக் கண்டு என் வண்டியை வயல் வாயிலில் குறுக்கே நிறுத்தினேன். அது முட்டாள்தனம் என்பதை, ஒருவன் இறங்கி வந்து என் வண்டியின் பக்கக் கண்ணாடியை உடைத்து, ‘உன் பட்டறை எங்கே இருக்கிறது என்று தெரியும்’ என்று சொன்னபோதுதான் உணர்ந்தேன். வழியை விட்டேன், அவர்கள் போனார்கள். கைப்பேசியில் சிக்னல் கிடைக்க ஒரு மைல் ஓட்ட வேண்டியிருந்தது.

பக்கத்து நார்ஃபோக்கில் 1999 ஆகஸ்டில் நடந்ததை இங்குள்ள முதிய விவசாயிகள் இன்றும் பேசுகிறார்கள். எம்னெத் ஹங்கேட்டில் டோனி மார்ட்டின் என்ற விவசாயி, இரவில் தன் பண்ணை வீட்டுக்குள் புகுந்தவர்களைச் சுட்டதில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். கொலைக் குற்றம் என்ற தீர்ப்பு மேல்முறையீட்டில் குறைந்த குற்றமாக மாற்றப்பட்டது. நாட்டில் பாதிப்பேர் ஒருபக்கம், பாதிப்பேர் மறுபக்கம் என்று வாதிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை, காவல்துறை தொலைவில் இருக்கிறது என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு குழந்தையின் உயிரை எந்தக் கொட்டகைப் பொருளாலும் ஈடுசெய்ய முடியாது. நடந்துகொண்டிருக்கும் குற்றத்தைக் கண்டால் விலகி நின்று 999ஐ அழையுங்கள். வயல்வெளிக்கு முகவரி கிடையாது. நிலத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்கள் தரும் வாட்த்ரீவேர்ட்ஸ் செயலியை இறக்கி வைத்திருந்தால் இடத்தைச் சொல்லிவிடலாம்.

பெட்ஃபோர்ட்ஷயரிலிருந்து

சுருக்கமாக ஒன்று. 2018இல் இங்கே ஹவுட்டன் கான்குவெஸ்ட் கிராமத்தின் அனைத்துப் புனிதர் தேவாலயக் கூரையிலிருந்து ஏறத்தாழ 20 டன் ஈயத் தகட்டை உரித்துக்கொண்டு போனார்கள். பழைய உலோகத்தை ரொக்கம் கொடுத்து வாங்குவதை 2012இலேயே தடை செய்த பிறகும் இது நடந்தது. அதிலிருந்து எங்கள் ஊர்த் தேவாலயத்தின்மேல் ஏணி சாத்தியிருந்தால், யார் அனுப்பினார்கள் என்று நாங்கள் கேட்காமல் கடப்பதில்லை. கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

தென்மேற்கிலிருந்து, குடும்ப மருத்துவர்

மற்றவர்கள் சொன்னவை எல்லாம் கண்ணில் படும் குற்றங்கள். பதினான்கு ஆண்டுகளாக நாட்டுப்புற மருத்துவமனையில் பணிபுரியும் நான், எந்த வரைபடத்திலும் புள்ளியாக விழாதவற்றைப் பற்றிச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

மணிக்கட்டு வலி என்று ஓராண்டில் மூன்று முறை வந்த ஒரு பெண்மணியின் கணவர் ஒவ்வொரு முறையும் உடன் வந்தார். பணிவானவர், ஊரில் எல்லோருக்கும் வேண்டியவர், கிராம மன்றத்தின் நிதிக்கணக்கைப் பார்ப்பவர். மூன்றாம் முறை, பரிசோதனைக்குத் தனியறை வேண்டும் என்று சொல்லி அவரை வெளியே அமர வைத்தேன். கதவு மூடியதும் அந்த அம்மையார் சொன்ன முதல் வாக்கியம், ‘வரவேற்பில் இருப்பவள் அவருடைய அத்தை மகள்’ என்பதுதான். பேருந்து வாரத்துக்கு இரண்டு நாள். கார் சாவி கணவர் கையில். அண்டை வீடு கூப்பிடு தொலைவில் இல்லை. ‘எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர்’ என்பதை நாம் பாதுகாப்பாக நினைக்கிறோம், அந்த அம்மையாருக்கு அதுவே மதிற்சுவராக இருந்தது. தேசியக் கிராமக் குற்ற வலையமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வு, கிராமப்புறங்களில் வீட்டுக்குள் நடக்கும் இத்தகைய குடும்ப வன்முறை நகரங்களைவிடச் சராசரியாக 25 விழுக்காடு கூடுதல் காலம் நீடிப்பதாகக் கண்டது. அதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

இங்கிருக்கும் தமிழ்ப் பெண்கள், குறிப்பாகக் கணவரின் விசாவைச் சார்ந்து வந்தவர்கள், இவற்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 0808 2000 247; கட்டணமில்லை, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும். பேச முடியாத நிலையில் கைப்பேசியில் 999ஐ அழைத்தால், கேட்கும்போது 55ஐ அழுத்துங்கள். அழைப்பு காவல்துறைக்கு மாற்றப்படும். ஆனால் 55ஐ அழுத்துவதால் மட்டும் உங்கள் இருப்பிடம் அவர்களுக்குத் தெரிந்துவிடாது. பலர் தெரியும் என்று நம்புகிறார்கள், ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன். இயன்றால் இருமல், தட்டல் என்று ஏதாவது ஒலியால் அவர்கள் கேட்பதற்குப் பதில் தாருங்கள்.

அந்த அம்மையார் இப்போது வேறு மாவட்டத்தில் தம் சகோதரியோடு இருக்கிறார். எங்கள் மருத்துவமனையில் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் உதவி எண் அச்சிட்ட சிறு சீட்டுகளைக் கிழித்தெடுக்கும்படி தொங்கவிட்டிருக்கிறோம். ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் பகுதி இது. அந்தச் சீட்டுகளை மாதந்தோறும் புதிதாக அச்சிட வேண்டியிருக்கிறது.

மீண்டும் ஷ்ரோப்ஷயரிலிருந்து

அண்ணன், அக்கா அனைவருக்கும் நன்றி. மருத்துவர் எழுதியதைப் படித்த அன்றே எங்கள் பிரிவின் கழிப்பறைகளிலும் அத்தகைய சீட்டுகளை ஒட்ட அனுமதி கேட்டேன், கிடைத்துவிட்டது.

முட்டைப் பெட்டியைப் பற்றியும் சொல்கிறேன். அடுத்த வீட்டுப் பாட்டியை அருகில் வைத்துக்கொண்டு, அவசரமில்லாத புகார்களுக்கான 101ஐ நானே அழைத்தேன். இருபத்தைந்து நிமிடங்கள் காத்திருந்த பிறகு ஒரு பதிவு எண் தந்தார்கள். பத்து நாள் கழித்துக் கிராம மன்றக் கூட்டத்துக்கு வந்த காவல் துணை அலுவலர், அதே இரவில் எங்கள் சாலையோரமாக அடுத்தடுத்த மூன்று ஊர்களில் காசுப் பெட்டிகள் போயிருப்பதாகவும், ஒரு வீட்டில் வெப்பமூட்டும் எண்ணெய்த் தொட்டி காலியாக்கப்பட்டிருப்பதாகவும் சொன்னார். எங்கள் பகுதியில் எரிவாயுக் குழாய் கிடையாது, அந்தத் தொட்டி தோட்டத்தில்தான் நிற்கும். ஜனவரியில் அது காலியானால் வீடே உறைந்துவிடும். எண்ணெய் பறிகொடுத்தவரும், ஏற்கனவே வெறுப்புற்றிருந்ததால், அதுவரை புகார் செய்யவில்லை. பாட்டி சொன்ன நேரத்தையும், வெள்ளை வேன் ஒன்று நின்றதாக வேறொருவர் சொன்னதையும் சேர்த்து அலுவலர் எழுதிக்கொண்டார். பிடிபடுவார்களா என்று எனக்குத் தெரியாது.

பாட்டி புதிய பெட்டி ஒன்றைக் கம்பத்தோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருக்கிறார். எண்ணெய்த் தொட்டிக்கு நல்ல பூட்டும், அளவு திடீரென்று இறங்கினால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியும் பொருத்தியவர்கள் யாரேனும் இருந்தால், எது குளிரிலும் ஈரத்திலும் தாங்கியது என்று எழுதுங்கள். குளிர்காலத்துக்குமுன் எங்கள் தெருவில் ஏழு வீடுகள் சேர்ந்து வாங்க எண்ணியிருக்கிறோம்.