தாய்ப்பால் கொடுத்த நாட்களில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் யார்?

திருச்சி, இரண்டு குழந்தைகளின் அம்மா

ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் தாய்ப்பாலின் நன்மைகளைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அதெல்லாம் உண்மைதான், சந்தேகமில்லை. நான் கேட்க நினைத்தது வேறு ஒன்று. பால் கொடுக்கத் திணறிய நாட்களில் உங்களுக்குக் கை கொடுத்தவர் யார்? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூத்தவள் சிசேரியனில் பிறந்தாள். முதல் இரண்டு நாளும் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஏதோ சொட்டியது, அவ்வளவுதான். பார்க்க வந்த ஒவ்வொருவரும் "பாலே ஊறலையே" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்தார்கள். குழந்தை வாய் வைத்தாலே உயிர் போகிற எரிச்சல். மூன்றாம் நாள் காம்பு வெடித்து ரத்தம் வந்தது. என் கணவர் பவுடர் டப்பா வாங்கக் கிளம்பிவிட்டார்.

அன்று இரவுப் பணிக்கு வந்த நர்ஸ் அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்கே, எப்படிக் கொடுக்கிறீங்க, பார்ப்போம்" என்றார். இரண்டு நாளில் யாரும் அதைக் கேட்கவில்லை. குழந்தை காம்பை மட்டும் கவ்விக்கொண்டிருந்தது. அது வாயை ஆவென்று திறக்கும்வரை காத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் சேர்ந்து உள்ளே போகும்படி அணைத்து வைத்தார். தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும் என்று காட்டினார். தையலில் கால் படாமல் இருக்க, தண்ணீர்க் குடத்தை இடுக்குவதுபோலக் குழந்தையை என் பக்கவாட்டில் இடுக்கிக்கொள்ளச் சொன்னார். கீழே ஒரு தலையணை. எரிச்சல் அந்த நிமிடமே பாதியாகக் குறைந்தது.

அந்த மஞ்சள் சொட்டுதான் சீம்பால் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் போனாலே குழந்தைக்குப் போதுமாம். அதில் இருக்கிற எதிர்ப்புச் சக்தி குடலில் கிருமிகள் ஒட்டாமல் காக்கும், கறுப்பாகப் போகிற முதல் மலத்தைச் சீக்கிரம் வெளியே தள்ளும், மஞ்சள் காமாலை கூடாமல் இருக்கவும் உதவும். "இறைக்கிற கிணறுதான் ஊறும் கண்ணு, டப்பாவைத் திறந்தா கிணறு தூர்ந்துடும்" என்றார். நான்காம் நாள் பால் வந்து மார்பு கனத்தது. டப்பா திறக்கப்படவேயில்லை.

இளையவன் பிறந்தபோது ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. குழந்தை உறிஞ்சும்போது சுரக்கிற ஆக்ஸிடோசின்தான் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது, ரத்தப்போக்கு குறைவதும் அதனால்தான் என்று இந்த முறை எனக்கே தெரிந்திருந்தது. வலியிலும் நிம்மதியாக இருந்தது.

மதுரை, ஒரு அப்பா

என் மனைவியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். எங்கள் மகள் 32 வாரத்தில் பிறந்தாள், எடை 1.4 கிலோ. மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறி அவள் ஐசியூவில் இருந்தாள். குழந்தை வேறொரு மாடியில். நான் படிக்கட்டில்.

குறைமாதக் குழந்தைக்குப் பவுடர் பாலைவிடத் தாய்ப்பால் எவ்வளவு முக்கியம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். இந்தக் குழந்தைகளின் குடல் முதிர்ந்திருக்காது. குடல் திசுக்களே அழுகிப்போகிற ஒரு நோய் வரலாம், தாய்ப்பால் அந்த ஆபத்தைக் குறைக்கிறது. அம்மாவின் பால் கிடைக்காத முதல் மூன்று நாளும் தாய்ப்பால் வங்கியிலிருந்துதான் பால் வந்தது. பரிசோதனை செய்யப்பட்ட தாய்மார்கள் கொடுத்த பால். 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பதப்படுத்தி, உறைய வைத்து எடுத்துவைக்கிறார்கள். இந்தியாவில் முதன்முதலாக 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது இந்த ஏற்பாடு.

யார் கொடுத்த பால் என்று எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். என் மகளுக்கு முதல் வாய்ப் பால் கொடுத்த தாய் இதே ஊரில் எங்கோ பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கலாம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் யார் என்று நீங்கள் கேட்டதும் எனக்கு அவர் நினைவுதான் வந்தது. முகமே தெரியாமல்.

அப்புறம் மனைவி தேறினாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சி எடுப்பாள், ராத்திரியிலும் நிறுத்தவில்லை. பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் இரவில்தான் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலில் குழாய் வழியாக, பிறகு பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாக. சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் மார்பில் மகளைப் படுக்கவைத்து நான் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். அப்பாவும் செய்யலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. இப்போது அவளுக்கு நான்கு வயது.

தருமபுரி பக்கம், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்

முப்பது வருடத்துக்கு மேல் வீடு வீடாகப் போனவள் நான். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் என் வேலை. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு கிழவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வேலையில் சேர்ந்த புதிது. குழந்தை பிறந்ததும் சேனை தொட்டு வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன், சில வீடுகளில் கழுதைப்பால். ஊருக்குள் கழுதையை ஓட்டிவந்து சங்கு அளவுக்குக் காசு வாங்குவார்கள். சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே விடுகிற வீடுகளும் உண்டு. நான் படித்த திமிரில் எல்லாரையும் அதட்டுவேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு வீட்டில் பேத்திக்குப் பிரசவம். கிழவி சீம்பாலைப் பீய்ச்சிவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். கொட்டகையில் மாடும் கன்று ஈன்றிருந்தது. "ஆயா, கன்னுக்குட்டிக்குச் சீம்பால் விடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டேன். "விடாம? அது குடிச்சாத்தானே எழுந்து நிக்கும்" என்றவர், சொன்ன வாயோடு நிறுத்திவிட்டார். பேத்தியைப் பார்த்தார். பிறகு அவரே எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தார். அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் எனக்கு முன்னால் அவர் போய் நின்றார். அதட்டிச் சொல்வது ஒருவர் மனதிலும் ஏறாது, அவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அந்தக் கொட்டகையில்தான்.

சில விஷயங்களைத் திருத்தமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் பால். சிசேரியனிலும் தாய் விழித்திருந்தால் முடியும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். சித்திரை வெயிலாக இருந்தாலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் நரம்புகளைத் தாக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு இட்லி, பருப்புச் சாதம் என்று ஆரம்பித்து, இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் பாலையும் தொடரலாம்.

பெரியவர்கள் சொல்வது எல்லாம் தவறு என்று நினைக்க வேண்டாம். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் பச்சை உடம்புக்காரிக்குத் தெம்பு கொடுக்கிற சாப்பாடு. பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும், குடிக்கவிடுங்கள்.

"பால் கொடுக்கும்வரை கரு நிற்காது" என்ற பேச்சும் பாதிதான் உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருக்க வேண்டும், பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கும் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால் 98 சதவீதம் நம்பலாம். ஒன்று தவறினாலும் நம்பாதீர்கள். ஏமாந்து வந்து அழுத பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யாழ்ப்பாணம்

எங்களுக்கு மிட்வைஃப் சைக்கிளில் வீட்டுக்கே வருவா. பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த கையோடு வந்து, நான் பால் கொடுக்கிறதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுத்தான் போனா. அடுத்த முறையும் வந்தா. இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டும் குடிக்குதுகள் என்று 2016 கணக்கெடுப்பு சொன்னது. அந்த அம்மாவின் சைக்கிளை நினைச்சால் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

கோயம்புத்தூர், ஆசிரியை

தனியார் பள்ளியில் வேலை. மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு என்று சட்டம் சொல்கிறது. எனக்குக் கிடைத்தது மூன்று மாதம், அதுவும் சம்பளம் இல்லாமல். கேட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பதினொரு மணிக்கெல்லாம் மார்பு கல்லாகிவிடும். பாடம் நடத்தும்போதே புடவை நனையும். கழிப்பறையில் நின்று பீய்ச்சிக் கீழே ஊற்றினேன், அழுதுகொண்டே. ஒரு வாரத்தில் பால் கட்டிக் காய்ச்சலே வந்துவிட்டது.

பள்ளி ஆயாம்மா ஒருநாள் கழிப்பறை வாசலில் நின்றிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்து விளையாட்டுச் சாமான் வைக்கிற அறைக்குக் கூட்டிப்போய், ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சாவியை என் கையில் வைத்தார். "யாரும் வராம நான் பார்த்துக்கிறேன் டீச்சர்." ஏழு மாதம் அவர் அந்தக் கதவுக்கு வெளியே காவல் நின்றார். கையால் பீய்ச்சவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார், பம்ப் எல்லாம் பிறகுதான் வாங்கினேன். கொதிநீரில் போட்டெடுத்த மூடி போட்ட கிண்ணத்தில் எடுத்து, ஐஸ் வைத்த பையில் வீட்டுக்குக் கொண்டுபோவேன். வெளியில் நான்கு மணி நேரம் வரை வைக்கலாம் என்பது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. நம் ஊர் வெயிலில் அதை நம்பாதீர்கள். ஃப்ரிட்ஜின் உள்பக்கத்தில் வைத்தால் நான்கு நாள் தாங்கும். அம்மா அதை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிப் பாலாடையில் புகட்டுவார்.

பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015-ல் வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போது நான் போகிற சில ஊர்களில் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே துடைப்பமும் பக்கெட்டும். பார்த்தால் நேரக் காப்பாளரிடம் போய்க் கேட்காமல் நான் வருவதில்லை. ஒரு ஊரில் திறந்தார்கள்.

சென்னை

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் அம்மா மார்பகப் புற்றுநோயில் போனவர். பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அந்த ஆபத்து சுமார் 4.3 சதவீதம் குறைகிறது என்று 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்ததைப் படித்திருந்தேன். அதனால் எனக்கு இது வெறும் ஆசை இல்லை. ஆனால் திருமணத்துக்கு முன்பே ஒரு பக்கம் கட்டிக்காக அறுவை செய்திருந்தார்கள். அந்தப் பக்கம் சுரக்கவே இல்லை. மறுபக்கம் எவ்வளவு கொடுத்தும் குழந்தையின் எடை ஏறவில்லை.

குழந்தை மருத்துவர் எடைக் குறிப்பை மூடி வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். "உங்க பால் போற ஒவ்வொரு சொட்டும் அவனுக்குப் பிரயோஜனம்தான்மா. மிச்சத்தைப் பவுடர்ல ஈடுகட்டுவோம். இதுல தோத்தது யாரும் இல்ல" என்றார். அளவு கூட்டிக் குறைக்காமல் எப்படிக் கரைப்பது, பாட்டிலுக்குப் பதில் சின்னக் கிண்ணத்தில் எப்படிப் புகட்டுவது என்று அவரே செய்து காட்டினார். பதினான்கு மாதம் ஒரு பக்கத்தில் மட்டும் கொடுத்தேன். "தாய்ப்பால் கொடுக்கலையா?" என்று வாசலில் கேட்பவர்களே, தயவுசெய்து அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

சேலம், புதிய அம்மா

எல்லாவற்றையும் படித்தேன். குழந்தை பிறந்து 9 நாள். சாயங்காலம் ஆனால் அரை மணிக்கு ஒருமுறை கேட்கிறான், இல்லாவிட்டால் அழுகை. பால் பத்தவில்லை, பவுடர் கொடு என்கிறார் மாமியார். பத்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தருமபுரி பக்கம், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்

அழுகையை வைத்துக் கணக்குப் போடாதே தாயி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறான் என்று எண்ணு. இந்த வயதில் ஆறு தடவையாவது போக வேண்டும், மலம் மஞ்சளாக இருக்க வேண்டும். பிறந்தவுடன் எடை கொஞ்சம் குறையும், பயப்படாதே. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பினால் சரி. சாயங்காலம் அடுத்தடுத்துக் குடிப்பது நிறையக் குழந்தைகளின் வழக்கம், அப்படி உறிஞ்சித்தான் நாளைக்கான பாலுக்குச் சொல்லிவைக்கிறான். பக்கத்து சுகாதார நிலையத்தில் எடை பார். டாக்டரிடம் வைட்டமின் டி சொட்டு மருந்தும் கேள், தாய்ப்பாலில் அது குறைவு.

சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பினாலும் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, உடம்பு மஞ்சளானாலோ எனக்கு எழுதிக்கொண்டு உட்காராதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. மாமியாரையும் எண்ணச் சொல்.

சேலம், புதிய அம்மா

நேற்றுக் காலையிலிருந்து இன்றுக் காலை வரை எட்டு தடவை. எண்ணியது மாமியார்தான், காலண்டர் ஓரத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார். எடை பார்த்தோம். பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 2.95. இந்த நேரமும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறான், ஒரு கையால் எழுதுகிறேன்.