அடைமுட்டைக்குள் வைட்டமின் ஊசி: செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் இன்குபேட்டரில் சில குஞ்சுகள் ஓட்டைக் கொத்தி, மூக்கை மட்டும் வெளியே நீட்டிவிட்டு, அதற்கு மேல் தெம்பில்லாமல் அப்படியே நின்றுவிடுகின்றன. பார்க்க மனசு கேட்கவில்லை. தாய்க்கோழிகளுக்குச் சத்தான தீவனம் கொடுக்கிறேன். ஏற்கெனவே அடையில் இருக்கும் முட்டைகளுக்கு என்ன செய்வது?

பெரிய பொரிப்பகங்களில் 18ஆம் நாள் வாக்கில் முட்டைக்குள்ளேயே மேரெக்ஸ் என்ற கோழி வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அந்தச் சமயத்தில் கருவைச் சுற்றியுள்ள பனிக்குட நீரில் வைட்டமின் செலுத்தினால், பொரியும் முன் குஞ்சு அந்த நீரை விழுங்கும்போது சத்தும் குடலுக்குப் போகும் என்பதுதான் கணக்கு.

கையால் செய்யும்போது ஊசி முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறையைத் தாண்டிப் பனிக்குடத்தில்தான் நிற்கிறது, குஞ்சின் மேல் குத்தவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? டார்ச் அடித்தால் காற்றறை தவிர மீதியெல்லாம் ஒரே கறுப்பாக இருக்கிறது. அப்புறம், வைட்டமின் ஈ எண்ணெயில்தான் கரையும். அதை எதில் கலந்தீர்கள்? சி தண்ணீரில் கரையும், ஆனால் அதன் அமிலம் கருவைப் பாதிக்காதா? துளையை மெழுகால் அடைத்தால் போதுமா? அது வழியாகக் கிருமி புகுந்துவிடுமோ என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

எத்தனை மில்லி, எந்த ஊசி என்று செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள். கால்நடை மருத்துவர்கள் யாராவது இருந்தால், வேண்டவே வேண்டாம் என்றாலும் காரணத்தோடு சொல்லுங்கள்.