மறு: ‘கிரீன் ரைடர்’ – தமிழில் ‘சூழல் இணைமுறி’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மேடை இசையும் சூழல் பொறுப்பும் பற்றி நாம் தொகுக்கும் சொல்தொகுப்பில் ‘கிரீன் ரைடர்’ (கலைஞரின் ஒப்பந்தத்தோடு சேர்ந்து வரும் சூழல் சார்ந்த தாள்) மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: பசுமைப் பின்னிணைப்பு, பசுமை உறுதிமொழி, பசுமை நிபந்தனை, சூழல் ஒப்பந்தம். நான்குமே எனக்கு நிறைவாகப் படவில்லை. ஏன் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருள். ஒரு பாடகரையோ குழுவையோ நிகழ்ச்சிக்கு அமர்த்தும்போது தொகை, நாள், இடம் எல்லாம் முதன்மை ஒப்பந்தத்தில் இருக்கும். அதோடு சேர்ந்து ‘ரைடர்’ எனப்படும் இரண்டு தாள்கள் வழக்கமாக வரும். மேடை எத்தனை அடி, ஒலிபெருக்கி எவ்வளவு, மின்சாரம் எத்தனை கிலோவாட் என்பது ஒன்றில். கலைஞருக்கும் உடன் வரும் பணியாளர்களுக்கும் என்ன சாப்பாடு, எங்கே தங்கல், எத்தனை துண்டு என்பது மற்றொன்றில். நம் ஊரில் ஒலியமைப்பு வேலை செய்பவர்களும் “டெக் ரைடர் வந்துடுச்சா?” என்றுதான் கேட்கிறார்கள். இந்தத் தாள்கள் வேண்டுகோள்கள் அல்ல, கையெழுத்தான ஒப்பந்தத்தின் உறுப்புகள். கேட்டது இல்லையென்றால் மேடையேற மறுக்கும் உரிமையும் பல ஒப்பந்தங்களில் கலைஞருக்கு உண்டு.

கிரீன் ரைடர் இந்த வரிசையில் மூன்றாவது தாள். ஹவாய்த் தீவுக்காரரான பாடகர் ஜாக் ஜான்சன் தம் சுற்றுப்பயணங்களில் ‘என்விரோரைடர்’ என்ற பெயரில் இதை அரங்குகளுக்கு அனுப்பி வந்தார்: குப்பையைப் பிரித்து வாங்க வேண்டும், சாப்பாட்டுக் கழிவை உரமாக்க வேண்டும், வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் உயிரி டீசல் வேண்டும். அரங்க உரிமையாளரின் நல்ல மனத்தை நம்பி எழுதியது அல்ல அது. அவர் செய்ய வேண்டிய வேலையின் பட்டியல்.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன். இந்த இழையில் முன்பு வந்த ஒரு கருத்து:

> ‘பசுமை உறுதிமொழி’ எல்லோருக்கும் உடனே புரியும். மக்கள் வழக்கில் உள்ள சொல்.

புரியும்தான். ஆனால் உறுதிமொழி என்றதும் நம் காதில் விழுவது, பள்ளியிலும் அலுவலகத்திலும் கையை நீட்டி எல்லோரும் சேர்ந்து சொல்லும் வாசகம். சொல்லி முடித்ததும் கடமை முடிந்தது. அதை மீறினால் யாரும் யாரையும் கேட்பதில்லை. இசைத்துறையிலும் இந்த வகை உண்டு. காலநிலை நெருக்கடியை இசைத்துறையினர் அறிவிக்க 2019-இல் பிரிட்டனில் தொடங்கிய ‘மியூசிக் டிக்ளேர்ஸ் எமர்ஜென்சி’ அறிக்கையில் கலைஞர்களும் நிறுவனங்களும் கையெழுத்திட்டார்கள். அது உறுதிமொழிதான். அதற்கு அந்தச் சொல் சரியாகப் பொருந்தும். அதே 2019-இல், இசை நிகழ்ச்சிகள் நடத்தும் லைவ் நேஷன் நிறுவனம், 2030-க்குள் தன் பசுங்குடில் வளி உமிழ்வைப் பாதியாகக் குறைப்பதாக அறிவித்தது. ஆண்டும் அளவும் இருப்பதால் அது இலக்கு. கிரீன் ரைடரோ இரண்டும் அல்ல. இன்னாருக்கு இன்னார் இன்னது செய்து தரக் கடன்பட்டவர் என்று எழுதிய ஆவணம். மூன்றுக்கும் ‘உறுதிமொழி’ என்றே எழுதினால், எந்தக் குழு பேசியது, எந்தக் குழு கணக்குக் காட்டியது என்று தமிழில் படிப்பவருக்குத் தெரியாமலே போய்விடும். இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டுவது இதனால்தான்.

கணக்குக் காட்டுவது எப்படி இருக்கும் என்பதற்கு பிரிட்டனின் கோல்ட்பிளே இசைக்குழுவை எடுத்துக்கொள்ளலாம். சூழலுக்குக் கேடில்லாமல் பயணம் செய்ய வழி தெரியும்வரை உலகச் சுற்றுப்பயணம் இல்லை என்று 2019 நவம்பரில் சொன்னார்கள். 2021 அக்டோபரில் திட்டத்தோடு திரும்பி வந்தார்கள்: 2016–17 பயணத்தோடு ஒப்பிட்டு நேரடி உமிழ்வில் 50 விழுக்காடு குறைப்பு. ரசிகர்கள் குதித்தால் மின்சாரம் தரும் தரை, மிதித்தால் மின்சாரம் தரும் சைக்கிள், பழைய பி.எம்.டபிள்யூ. கார்களின் மின்கலங்களைக் கொண்டு மேடைக்கு மின்சாரம். 2022 மார்ச்சில் கோஸ்டா ரிக்காவில் பயணம் தொடங்கியது. 2024 ஜூனில், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஒப்பிட்டு 59 விழுக்காடு குறைந்ததாக அறிவித்தார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் அந்தக் கணக்கைச் சரிபார்த்தார்கள்.

நல்ல செயல் என்றே நினைக்கிறேன். ஆனால் ‘நேரடி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மேடை, சரக்கு, குழுவினர் பயணம் இவ்வளவுதான் அதில் அடங்கும். ரசிகர்கள் வந்து போன பயணம் அந்த 59-க்குள் இல்லை. பிரிட்டனின் இன்னொரு இசைக்குழுவான ரேடியோஹெட் தம் வட அமெரிக்கப் பயணங்களைத் தணிக்கை செய்வித்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், உமிழ்வின் மிகப் பெரும்பங்கு ரசிகர் பயணத்திலிருந்தே வந்ததாகத் தெரிந்தது. 2025 ஜனவரியில் கோல்ட்பிளே மும்பையில் மூன்று நாளும் அகமதாபாத்தில் இரண்டு நாளும் பாடியபோது, மேற்கு ரயில்வே அகமதாபாத்துக்குச் சிறப்பு ரயில்கள் விட்டது. விமானத்திலும் காரிலும் போனவர்களின் கணக்கு தனி. எனவே நம் தொகுப்பில் ‘நேரடி உமிழ்வு’, ‘ரசிகர் பயண உமிழ்வு’ என்று இரண்டு பதிவுகள் கட்டாயம் வேண்டும். முந்தைய மடலில் ஒரு நண்பர் ‘பார்வையாளர் போக்குவரத்து’ என்று எழுதியிருந்தார். போக்குவரத்து என்றால் சாலை நெரிசல் நினைவுக்கு வருகிறது. ‘ரசிகர் பயணம்’ போதும்.

அந்தப் பயணத்தையும் ஏற்பாட்டுக்குள் கொண்டுவர முடியும் என்று காட்டியவர்கள் பிரிட்டனின் மாசிவ் அட்டாக் இசைக்குழுவினர். இசைப்பயணங்களின் உமிழ்வை ஆராயக் கேட்டு, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டின்டல் காலநிலை ஆய்வு மையத்தை 2019-இல் அணுகினார்கள். 2021-இல் அறிக்கை வந்தது. 2024 ஆகஸ்ட் 25 அன்று தம் சொந்த ஊரான பிரிஸ்டலில், திறந்தவெளியில், 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னால் பாடினார்கள். டீசல் ஜெனரேட்டர் ஒன்றுகூட இல்லை. முழுக்க மின்கலம். கார் நிறுத்துமிடம் கிடையாது. இரவில் திரும்பிப் போகக் கூடுதல் ரயில்கள், ரயில் நிலையம்வரை மின்சாரப் பேருந்து. அந்த வட்டார அஞ்சல் குறியீட்டில் வசிப்பவர்களுக்கு முதலில் டிக்கெட். உணவு முழுவதும் தாவர உணவு. கார் நிறுத்துமிடம் வேண்டாம் என்பது கலைஞர் தனியாக நிறைவேற்றக்கூடிய காரியமா? அமைப்பாளர், மாநகராட்சி, ரயில் நிறுவனம் எல்லோரும் கட்டுப்பட வேண்டும். அதனால்தான் எழுத்து தேவைப்படுகிறது. அதனால்தான் அந்த எழுத்துக்குத் தனிப்பெயர் தேவைப்படுகிறது.

‘பசுமை’ பற்றியும் ஒரு சொல். பசுமைப் புரட்சி என்ற பெயரில் உரமும் பூச்சிமருந்தும் வயலுக்குள் வந்த மண் இது. இன்று வீட்டுமனை விளம்பரம்வரை அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் கிரீன் என்று இருப்பதால் நாமும் நிறத்தைச் சொல்லத்தான் வேண்டும் என்றில்லை. ‘சூழல்’ என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது, யாரும் தொடாத பக்கம். கைமாற்றிக் கொடுத்த பொறுப்பை எழுத்தில் கட்டுவது நமக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் நுந்தாவிளக்கு (அணையாவிளக்கு) கொடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விளக்கு அணையாமல் எரியப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் மன்றாடிகளிடம் (இடையர்களிடம்) ஒப்படைக்கப்படும். அவர்கள் ‘நிசதம் உழக்கு நெய்’, அதாவது நாள்தோறும் ஓர் உழக்கு நெய், அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாகும், மூப்படையும், ஆனால் எண்ணிக்கை குறையக்கூடாது. இறந்ததற்கு ஈடாகக் குட்டி சேர்த்து மந்தையை நிரப்பிவிட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடு பெற்றவருக்குப் புணையாக (பிணையாக) நின்றவர்களின் பெயர்கூட இருக்கிறது. முடிவில் ‘இது பன்மாகேசுவரர் ரட்சை’ (சிவனடியார்களின் காவல்) என்று கண்காணிப்பவர் யார் என்பதும் வரும்.

முதல் எவ்வளவு, நாள்தோறும் அளவு என்ன, பெற்றவர் யார், பிணை யார், பார்த்துக்கொள்பவர் யார். இந்த ஐந்தும் இல்லாத சூழல் வாக்குறுதியை நாம் ஏன் ஆவணம் என்று ஏற்க வேண்டும்?

அந்தக் கல்வெட்டுச் சொற்கள் தொகுப்பின் இன்னொரு பதிவுக்கும் உதவும். ‘சஸ்டெய்னபிள்’ என்பதற்குத் தமிழகப் பாடநூல்களில் ‘வளங்குன்றா’ என்று இருக்கிறது. இலங்கையில் ‘பேண்தகு’, ‘நிலைபேறான’ இரண்டும் வழங்குகின்றன. என் தேர்வு ‘வளங்குன்றா’. சாவா, மூவா, நுந்தா, குன்றா எல்லாம் ஒரே இலக்கண வார்ப்பு. எது நடக்கக்கூடாது என்பதை அது நேராகச் சொல்லிவிடுகிறது. ‘நிலையான’ என்று எழுதினால் நிலையான வருமானமா, நிலையான அரசா என்று பொருள் அலைகிறது. இலங்கை நண்பர்கள் ‘பேண்தகு’ என்று எழுதினால் அதையும் இணைச்சொல்லாகப் போட்டுவிடலாம். அதில் சண்டை வேண்டாம்.

இனி ரைடர். ‘பின்னிணைப்பு’ என்றால் நூலின் கடைசியில் விரும்பினால் படிக்கும் பகுதி, கட்டாயம் இல்லை. ‘நிபந்தனை’ என்பது ஒரு வரி. இங்கே நாம் பெயரிட வேண்டியது ஒரு முழு ஆவணம். ‘சூழல் ஒப்பந்தம்’ என்றால் நாடுகளுக்கிடையே போடும் பாரிஸ் ஒப்பந்தம் போன்றவற்றோடு குழம்பும்.

நான் முன்வைப்பது இணைமுறி. பழைய தமிழில் முறி என்றால் எழுதிய ஆவணம். இலங்கையில் இன்றும் திறைசேரிப் பிணைமுறி (அரசின் கடன் பத்திரம்) என்று செய்தித்தாளில் அன்றாடம் வருகிறது. ஒப்பந்தத்தோடு இணைந்த முறி என்பதால் இணைமுறி. இதை வைத்துக்கொண்டால் குடும்பமே அமைந்துவிடுகிறது: டெக் ரைடர் மேடை இணைமுறி, ஹாஸ்பிடாலிட்டி ரைடர் உபசரிப்பு இணைமுறி, கிரீன் ரைடர் சூழல் இணைமுறி. அதன் உள்ளே வரும் ஒவ்வொரு வரிக்கும் ‘சரத்து’. தமிழகப் பத்திரங்களில் ‘கீழ்க்கண்ட ஷரத்துகளுக்கு உட்பட்டு’ என்று வருகிற அதே சொல். அரபுமூலம் என்று சிலர் தயங்கலாம். பத்திரம் எழுதுகிறவரும் எழுதிக் கொடுத்தவரும் தலைமுறைகளாகப் புழங்கிய சொல்லை, அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்ற பொருள் ஊறிய சொல்லை, இழக்க எனக்கு மனமில்லை. ஷ, ச எதை எழுதினாலும் சரி.

‘முறி’ என்றால் முறிந்துபோவது என்றும் படுமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். நியாயமான கேள்வி. பிணைமுறியைப் பிணை முறிந்தது என்று இலங்கையில் யாரும் படிப்பதில்லை. பயன்பாடு பொருளை நிறுத்திவிடும் என்று நம்புகிறேன். முதல் சில ஆண்டுகளுக்கு ‘சூழல் இணைமுறி ஆவணம்’ என்று எழுதலாம்.

பழகிப் பார்க்க ஒரு சரத்து எழுதினேன்:

“நிகழ்ச்சிக்கான மின்சாரம் அரங்கின் மின்வாரிய இணைப்பிலிருந்தே பெறப்படும். டீசல் ஜெனரேட்டர் தேவைப்பட்டால் அதன் திறனையும் காரணத்தையும் அமைப்பாளர் 21 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிப்பார். நிகழ்ச்சி முடிந்த 15 நாளுக்குள் எரிந்த டீசலின் லிட்டர் கணக்கையும், மின் மீட்டரின் தொடக்க, இறுதி எண்களையும் கலைஞருக்குத் தருவார்.”

கடைசி வாக்கியம்தான் இதன் உயிர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். லிட்டர் தெரிந்தால் மீதியைப் பள்ளி மாணவரும் கணக்கிடலாம். லிட்டர் தெரியாவிட்டால் எந்த நிபுணராலும் முடியாது. தேவைக்கு மேல் பெரிய ஜெனரேட்டரை வரவழைத்து, குறைந்த சுமையில் இரவெல்லாம் ஓடவிடுவது திறந்தவெளி நிகழ்ச்சிகளின் பழைய நோய். திறனை முன்கூட்டிக் கேட்டாலே அதில் ஒரு பகுதி குறைந்துவிடும். பிரிட்டனின் கிளாஸ்டன்பரி இசைவிழா 2023-இல் தன் ஜெனரேட்டர்களைக் கழிவுச் சமையல் எண்ணெயிலிருந்து வரும் எரிபொருளுக்கு மாற்றியது. எனவே எரிபொருள் வகையும் சரத்தில் குறிப்பிடத்தக்கது.

தண்ணீருக்கும் ஒரு சரத்து வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருந்தாலும், தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் சேரவில்லை. சட்டம் கேட்காததைக் கலைஞர் கேட்கலாம். கிளாஸ்டன்பரியில் அதே 2019-இல் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் விற்பனையையே நிறுத்தினார்கள்.

எல்லா இடத்திலும் தாள் வேண்டுமா என்றால், இல்லை. அருணாசலப் பிரதேசத்தின் ஜீரோ பள்ளத்தாக்கில் 2012 முதல் நடக்கும் இசைவிழாவில் மேடையை மூங்கிலால் கட்டுகிறார்கள். அங்கே மூங்கில் வேலை அபதானி மக்களின் கைவழக்கம். வழக்கம் இருக்கும் இடத்தில் முறி எதற்கு? வழக்கம் அற்றுப்போன நகரத்துக்குத்தான் முறி.

இன்னும் இரண்டு சொற்கள். குறைப்பை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த ‘பேஸ்லைன்’ என்பதை ‘அடிப்படை ஆண்டு’ என்று போட்டிருக்கிறோம். கோல்ட்பிளேயின் ஒப்பீடு ஆண்டோடு அல்ல, முந்தைய பயணத்தோடு. எனவே ‘ஒப்பளவு’ என்று மாற்றலாம். வெளியிட்ட உமிழ்வுக்கு வேறொரு செயலால் ஈடுகட்டும் ‘ஆஃப்செட்’ என்பதற்கு ‘ஈடுசெய்தல்’ சரி. ஆனால் விளக்கத்தில் ‘குறைத்தல் அன்று’ என்று சேர்க்க வேண்டும். டிக்கெட்டுக்கு ஒரு மரம் நடுவது வேறு, டீசலைக் குறைப்பது வேறு.

தொகுப்புக்கான வரைவு:

சூழல் இணைமுறி: கலைஞருக்கும் நிகழ்ச்சி அமைப்பாளருக்கும் இடையிலான ஒப்பந்தத்தோடு இணைந்து, மின்சாரம், பயணம், உணவு, தண்ணீர், கழிவு ஆகியவற்றில் இன்னார் இன்னது செய்ய வேண்டும் என்பதையும், செய்ததற்கான அளவுகளை எப்போது தர வேண்டும் என்பதையும் சரத்துகளாகக் கூறும் ஆவணம்.

ஒலி, ஒளி வாடகைத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் இதை ஒருமுறை வேலையிடத்தில் சொல்லிப் பார்த்து, வாய்க்கு வருகிறதா என்று எழுதுங்கள். கொழும்பு, யாழ்ப்பாண நண்பர்கள் பிணைமுறியோடு இது குழம்புமா என்று சொல்லுங்கள். வேறு யாரிடமாவது இதைவிடப் பொருந்தும் சொல் இருந்தால், என் முன்மொழிவை மகிழ்ச்சியோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தச் சொல்லிலும் ‘கடன்பட்டவர்’ என்ற பொருள் மட்டும் இருக்கட்டும்.

அன்புடன்.