நிருபமா வைத்தியநாதனின் 134ஆவது இடம்: மச்சானுக்கு என்ன பதில் சொல்வது?

இஞ்சின் மெக்கானிக், மண்டபம்

விசைப்படகு இஞ்சின் வேலை பார்க்கிறேன். டென்னிஸ் எனக்கு டிவியில் பார்த்த அளவுதான். மகளுக்குப் பன்னிரண்டு வயது. ராமநாதபுரத்தில் ஒரு சிமெண்ட் கோர்ட்டில் வாரம் மூன்று நாள் ஆடுகிறாள். ஆள் குட்டை. அதனால் பந்தை ஓங்கி அடிக்க மாட்டாள். உயரத் தூக்கி, கோட்டோரமாக இறக்கி, எதிரே நிற்பவள் தவறும்வரை சளைக்காமல் திருப்பிக்கொண்டே இருப்பாள். கூட ஆடும் பிள்ளைகள் "பட்டம் விடுறா" என்று கிண்டல் செய்கிறார்களாம்.

போன ஞாயிறு மச்சான் வந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரரான டென்னிஸ் ஆட்டக்காரர் நிருபமா வைத்தியநாதனும் இப்படித் தூக்கி அடித்து ஆடியவர்தான் என்று மகள் பெருமையாகச் சொன்னாள். மச்சான் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "உலகத் தரவரிசையில் உச்சமே 134ஆவது இடம்தானா? 133 பேருக்குப் பின்னாடி நிற்கவா இத்தனை செலவு?" என்றார். பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டது. எனக்கு அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் பையன்

உங்கள் மச்சான் அவர் தொழிலில் உலகத்தில் எத்தனையாவது ஆள் என்று முதலில் கேளுங்கள் அண்ணே.

தொண்டியான்

மச்சான் சொன்ன விதம் தப்பு, விஷயம் தப்பில்லை. சானியா மிர்சா 2007இல் ஒற்றையரில் 27ஆவது இடம்வரை போனார். 2015இல் இரட்டையரில் முதலிடம். இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலுமாக ஆறு கிராண்ட் ஸ்லாம் (உலகின் நான்கு பெரிய டென்னிஸ் போட்டிகள்) பட்டம். பிள்ளைக்கு ஒருவரைக் காட்டுவதென்றால் அவரைக் காட்டுங்கள்.

பி.டி. டீச்சர் (ஓய்வு), கீழக்கரை

தம்பி, 134 என்பதைப் பள்ளிக்கூட ரேங்க் அட்டை மாதிரி படிக்கக் கூடாது. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் மொத்தமே 128 பேர்தான். அதிலும் ரேங்கை வைத்து நேரே உள்ளே போகிறவர்கள் நூற்றுச் சொச்சம். 134இல் இருக்கிற ஆள் பொதுவாகத் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் உள்ளே கால் வைக்க முடியும். அந்த நிலையில் இருந்த பெண் 1998 ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியைத் தோற்கடித்தார். 1968இல் தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட பிறகு, கிராண்ட் ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஒற்றையர் ஆட்டம் ஒன்றை ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அடுத்த சுற்றில் தோற்றார், அது வேறு. அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து கத்தரித்து, பந்தும் வலையும் வைக்கும் பீரோவின் கதவில் ஒட்டினேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே மஞ்சளடித்துக் கிடந்தது.

தொண்டித் தம்பிக்கு: அந்த ஜனவரியில் சானியாவுக்குப் பதினொரு வயது. இந்தப் பிள்ளையைவிடச் சின்னவர்.

நிருபமாவுக்கு அதே வருஷம் பாங்காக் ஆசியப் போட்டியில் மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையரில் வெண்கலம். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் இரட்டையர். ஆட்டத்தை விட்டுப் போய், ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு, 2010இல் முப்பத்து மூன்று வயதில் மறுபடி ஆட வந்தார். அவருக்குப் பயிற்சி கொடுத்தது அவருடைய அப்பா. அப்பா யார் தெரியுமா? தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடிய கிரிக்கெட்காரர்! இஞ்சின் மெக்கானிக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. தூக்கி அடிக்கிற ஆட்டத்துக்கு நம் கரையில் கச்சான் காற்றுதான் எதிரி. கோர்ட் வடக்கு தெற்காகப் போட்டிருக்கும், காற்று தென்மேற்கிலிருந்து சாய்ந்து வரும். வடக்குப் பக்கம் நின்று ஆடும்போது பந்து காற்றில் முட்டிப் பாதியிலேயே விழும், எதிராளிக்கு அல்வா. அங்கே கோட்டைத் தாண்டிப் போகிற கணக்கில் அடிக்கச் சொல்லுங்கள், காற்று உள்ளே இறக்கிவிடும். தெற்குப் பக்கத்தில் உயரத்தைக் குறைத்துச் சுழற்சியைக் கூட்டணும். இல்லையென்றால் பந்து வேலிக்குப் போய்விடும்.

இஞ்சின் மெக்கானிக், மண்டபம்

டீச்சர், ரொம்ப நன்றி. 128 கணக்கை அப்படியே மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

எனக்குச் சிக்கல் வேறு. பள்ளி லீவில் மதுரையில் போட்டி நடக்கிறது என்கிறார்கள். ஆனால் ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுக்காரருக்குத்தான் அது ஓய்வு, எனக்கு அப்போதுதான் அத்தனை இஞ்சினும் பிரித்துக் கிடக்கும். அம்மாவும் மகளும் பாசஞ்சரில் போகட்டுமா?

அப்புறம், மகள் கேட்கச் சொன்னாள்: டாஸ் ஜெயித்தால் எந்தப் பக்கம் எடுப்பது?

பி.டி. டீச்சர் (ஓய்வு), கீழக்கரை

தாராளமாகப் போகட்டும், தண்ணீர் மட்டும் நிறையக் கொடுத்துவிடுங்கள். டாஸ் ஜெயித்தால் வடக்குப் பக்கம். முதல் கேம் முடிந்ததும் பக்கம் மாறுவார்கள். கஷ்டமான பக்கம் ஒரே கேமில் கழிந்துவிடும்.